உறையாத குளிர்காலம், புழுங்காத கோடை: எடிசனிலிருந்து எல்க் குரோவுக்கு இடம் மாறிய ஒரு குடும்பம்

டிசம்பரிலிருந்து மார்ச் வரை, பனியில் வழுக்கி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வீட்டுக்குள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, புழுக்கம் தாங்காமல் மறுபடியும் வீட்டுக்குள். நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் மகனோடு வாழ்ந்த இரண்டு முதியவர்களுக்கு ஆண்டு இப்படித்தான் கழிந்தது. காலாற நடக்க மிஞ்சியது ஏப்ரல், மே, அக்டோபர், அப்புறம் நவம்பரில் பாதி. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த மகன், என் நண்பர், ஊர் மாறுவது என்று முடிவு செய்தார். எந்த ஊருக்கு என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. வானிலைத் தரவுகளில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு என்பதால் அந்தத் தேடலில் நானும் கூடவே இருந்தேன். இதே கேள்வியோடு இருக்கும் குடும்பங்கள் அமெரிக்காவில் நிறைய இருப்பதால், எப்படி யோசித்தோம், எதை எதற்காகக் கழித்தோம் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

குடும்பத்தில் ஆறு பேர். நண்பருக்கும் அவர் மனைவிக்கும் வீட்டிலிருந்தே வேலை. நண்பர் மட்டும் அவ்வப்போது விமானம் ஏற வேண்டும். இரண்டு பிள்ளைகள், பள்ளியில் படிக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, முழங்கால் வலி, சர்க்கரை. அம்மாவுக்கு ஆஸ்துமா, வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகளும் பூஞ்சையும் ஒத்துக்கொள்ளாது என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. இருவரும் கோயம்புத்தூர்க்காரர்கள். வீட்டுக்கு 7 லட்சம் டாலருக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு.

சதவீதத்தை நம்ப முடியாது

முதலில் நண்பர் போட்ட பட்டியலில் ஊர்களின் ஆண்டு சராசரி ஈரப்பதம் சதவீதமாக இருந்தது. அதில் சான் பிரான்சிஸ்கோவும் ஹூஸ்டனும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. இரண்டு ஊரிலும் கோடையில் நின்று பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு தப்பான சித்திரம் என்று தெரியும்.

காரணம் எளிது. நாம் வழக்கமாகக் கேட்கும் சதவீதம் ஒப்பு ஈரப்பதம். காற்று அந்த வெப்பத்தில் எவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியுமோ, அதில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். வெப்பம் குறைந்தாலே சதவீதம் ஏறிவிடும். குளிர்ந்த காலையில் 80 சதவீதம் காட்டும் ஊர், மதியம் 30 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். காற்றிலுள்ள நீராவி கிட்டத்தட்ட அதேதான்.

பார்க்க வேண்டியது பனிப்புள்ளி, அதாவது ட்யூ பாயின்ட். காற்றை எந்த அளவுக்குக் குளிரவைத்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்குமோ, அந்த வெப்பநிலை. இது காற்றிலுள்ள நீராவியின் உண்மையான அளவோடு ஏறி இறங்கும். அமெரிக்க தேசிய வானிலைச் சேவை தரும் வழிகாட்டுதல் இது: பனிப்புள்ளி 55 பாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 13 செல்சியஸ் வரை சுகம், 55க்கும் 65க்கும் நடுவே கசகசப்பு தொடங்கும், 65க்கு மேல், அதாவது 18 செல்சியஸுக்கு மேல், புழுக்கம். சென்னையின் மே, ஜூன் மாதங்களில் இது 25 செல்சியஸை ஒட்டி நிற்கும் என்றால் யாருக்கும் சட்டென்று விளங்கும். வெளியே 30 டிகிரி இருக்கும்போது பனிப்புள்ளி 10 என்றால் வியர்வை உடனே உலர்ந்து உடல் குளிரும். அதே 30 டிகிரியில் பனிப்புள்ளி 21 என்றால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். வெப்பமானி இரண்டு நாளும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்தோம்: இரவு. முதியவர்களின் உடலுக்கு வெயிலைவிட, இரவிலும் இறங்காத வெப்பம்தான் பெரிய சுமை. பகலில் சூடேறிய உடல் தூக்கத்தில் தணிய வேண்டும். ஆகவே எங்கள் தேவைகள் இப்படி நின்றன. ஜனவரியில் சராசரி இரவு வெப்பநிலை உறைநிலைக்கு மேல். ஜூலை, ஆகஸ்டில் பனிப்புள்ளி 15 செல்சியஸுக்குள். அதே மாதங்களில் இரவு 20 டிகிரிக்குக் கீழே. 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டு சராசரிகளை அமெரிக்க அரசே வெளியிட்டிருக்கிறது; வெப்பத்துக்கு அது போதும். பனிப்புள்ளிக்கு விமான நிலையங்களின் மணிவாரிப் பதிவுகளை எடுத்தோம். அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் அவற்றை இலவசமாகச் சேமித்து வைத்திருக்கிறது.

தெற்கே போனால் சரியாகிவிடுமா

தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னது ராலே, சார்லட், அட்லாண்டா, டாலஸ். தமிழ் நண்பர்கள், நல்ல பள்ளிகள், வாங்கக்கூடிய விலையில் வீடு எல்லாம் அங்கே உண்டு. குளிர்காலமும் எடிசனைவிட மென்மையானது. ஆனால் ஜூலையில் ராலேயின் பனிப்புள்ளி சராசரி 21 டிகிரியை ஒட்டியது. எடிசன் பக்கம் அது 18. அதாவது எதிலிருந்து தப்பிக்க நினைத்தார்களோ, அதற்குள்ளேயே இன்னும் ஆழமாகப் போவது. டாலஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஹூஸ்டன் இன்னும் மோசம்.

இது ஊர் ஊராக மாறும் விஷயம் இல்லை என்பதைப் புரிந்துகொண்டபோது தேடல் பாதி சுருங்கியது. மெக்சிகோ வளைகுடாவின் நீர் கோடையில் நன்றாகச் சூடேறிக் கிடக்கிறது. அட்லான்டிக்கில் பெர்முடா பக்கம் நிலைகொள்ளும் உயர் அழுத்தத்தைச் சுற்றி வலஞ்சுழியாக வீசும் காற்று, அந்த ஈரத்தை அள்ளி வடக்கே தள்ளுகிறது. குறுக்கே அதைத் தடுக்க மலை இல்லை. அதனால் நாட்டின் கிழக்குப் பாதி முழுவதும் கோடையில் புழுங்குகிறது. நாட்டின் நடுவே ஓடும் 100ஆம் மேற்குத் தீர்க்கரேகையை ஒட்டித்தான் ஈரநிலம் முடிந்து வறண்ட நிலம் தொடங்குகிறது என்று ஜான் வெஸ்லி பவல் 1878ஆம் ஆண்டின் அறிக்கையிலேயே எழுதிவிட்டார். மிதமான குளிரும் உலர்ந்த கோடையும் சேர்ந்து வேண்டுமென்றால் அந்தக் கோட்டுக்கு மேற்கேதான் தேட வேண்டும். கிழக்கில் எவ்வளவு நல்ல ஊரானாலும் ஏசிதான் துணை.

மேற்கில் முதலில் பார்த்தது பீனிக்ஸும் லாஸ் வேகஸும். குளிர்காலம் அருமை. ஈரமும் குறைவு. ஆனால் 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 110 பாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. அந்த ஜூலையில் தொடர்ந்து 16 இரவுகள் 32 செல்சியஸுக்குக் கீழே இறங்கவே இல்லை. வறண்ட வெயில் உறைக்காது என்று சொல்வார்கள். அந்த அளவு வெப்பத்தில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அதோடு அரிசோனாவில் மண்ணிலுள்ள பூஞ்சை தூசியோடு மூச்சில் போய் வரும் பள்ளத்தாக்குக் காய்ச்சல் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது கடுமையாக மாறும் ஆபத்து அதிகம். அப்பாவை நினைத்து அந்தப் பக்கமே வேண்டாம் என்றேன், நண்பரும் மறுக்கவில்லை. டூசான் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் வெப்பம் குறைவு, ஆனால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே ஒரு பருவமழை உண்டு. அப்போது பனிப்புள்ளி 16 வரை ஏறும்.

அல்புகர்க்கிதான் நிஜமான போட்டியாளர். 1,600 மீட்டர் உயரம். மழைக்காலத்தில்கூட பனிப்புள்ளி 12, 13ஐ அதிகம் தாண்டுவதில்லை. ஜூலை இரவுகள் 20 டிகிரியை ஒட்டி. வீடும் மலிவு. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில், உலர்ந்த காற்றை நம்பி நோயாளிகள் நாடு முழுவதும் இருந்து இங்கே வந்து தங்கினார்கள். இன்று ஊரின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்று 1908இல் அப்படியொரு காசநோய் விடுதியாகத் தொடங்கியதுதான். உடல்நலத்துக்காக ஊர் மாறும் எண்ணம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

ஆனால் ஜனவரி இரவுகள் அங்கே உறைநிலைக்குக் கீழே மூன்று டிகிரி போகின்றன. காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால் ஆஸ்துமா உள்ள அம்மாவின் மருத்துவர் தயங்கினார். குளிர்காலக் கடைசியில் ஜூனிப்பர் மகரந்தம், வசந்தத்தில் தூசிக்காற்று. இவை போக, அப்பா அம்மா இருவருக்கும் தமிழில் பேச ஆள் வேண்டும். எடிசனில் கடைத்தெருவில் நின்றாலே அது கிடைத்தது. அல்புகர்க்கியில் தேடிப் போக வேண்டியிருக்கும். பகலெல்லாம் வீட்டில் இருக்கும் முதியவர்களுக்கு இந்தத் தேவை வெப்பநிலைக்குச் சளைத்ததில்லை என்பது என் உறுதியான கருத்து.

சான் டியேகோவைப் பற்றிச் சுருக்கமாக: வெப்பநிலையில் அதை மிஞ்ச ஊர் இல்லை. ஆனால் விலை எட்டாது. ஆகஸ்டில் அங்கே கடல்நீர் 20 டிகிரியைத் தொடுவதால் பனிப்புள்ளியும் 17 வரை போகும். போர்ட்லண்டும் சியாட்டிலும் கோடையில் இதம்தான். நவம்பரிலிருந்து மார்ச் வரை வெயிலே காணாத மழை மூட்டத்தை அம்மா முதல் பேச்சிலேயே மறுத்துவிட்டார்.

மலையில் ஓர் இடைவெளி

மிஞ்சியது சாக்ரமெண்டோ. பெயரைச் சொன்னதும் நண்பருக்குச் சந்தேகம். கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கு கோடையில் கொதிக்கும் இடமாயிற்றே என்றார். அதுவும் உண்மைதான். ஜூலையில் ரெட்டிங், பிரெஸ்னோ இரண்டிலும் சராசரி உச்ச வெப்பம் 37 டிகிரி. சாக்ரமெண்டோவில் 34. மூன்றும் ஒரே பள்ளத்தாக்கு. வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

கலிபோர்னியாக் கடற்கரையை ஒட்டி வடக்கிலிருந்து குளிர்நீரோட்டம் ஒன்று ஓடுகிறது. கோடையிலும் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கடல்நீர் 12 முதல் 15 டிகிரிதான். அந்த நீரின் மேல் வந்த காற்று குளிர்ந்திருக்கும். அதன் பனிப்புள்ளியும் நீரின் வெப்பத்தை ஒட்டியே நிற்கும். கடற்கரை மலைத்தொடர் இந்தக் காற்றை உள்ளே விடாமல் மறிக்கிறது, ஓர் இடத்தைத் தவிர. ஆறுகள் மலையை அறுத்துக் கடலுக்குப் போகும் கார்க்கினஸ் நீரிணை அது. பகலில் பள்ளத்தாக்குக் காற்று சூடேறி மேலெழ, மாலையில் அந்த வாசல் வழியாகக் கடற்காற்று உள்ளே பாய்கிறது. நீரிணைக்கு உட்புறம் ஆறுகள் கூடும் டெல்டாவின் பெயரால் டெல்டா பிரீஸ் என்று உள்ளூரில் சொல்வார்கள். அது வீசும் நாட்களில் 34 டிகிரி இருந்த ஊர் விடியற்காலையில் 15 டிகிரிக்கு இறங்கிவிடும்.

இதை வரைபடம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கிட்டார். “நம்மூருக்குப் பாலக்காட்டுக் கணவாய்ல காத்து வருதுங்களே, அந்த மாதிரிங்களா?”

“அதேதாங்கப்பா” என்றேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் அந்த ஒரு பெரிய இடைவெளி வழியாகத்தான் தென்மேற்குக் காற்று கோவைக்குள் வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் அதனால்தான். கணவாய்க்கு நேரே இருக்கும் ஊருக்குக் காற்று, விலகி இருக்கும் ஊருக்கு வெக்கை என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு ஊரைத் தேடும் வேலையை அவரே முன்னால் நின்று நடத்தினார்.

இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நகரத்தைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, இனி பள்ளியும் விலையும் பார்த்து எங்கே வேண்டுமானாலும் வீடு வாங்கலாம் என்று. சாக்ரமெண்டோ வட்டாரத்தில் அப்படிச் செய்தால் நாம் தேடி வந்த காற்றே கைநழுவிப் போகும்.

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் நாடுவது ஃபோல்சம், எல் டொராடோ ஹில்ஸ், ரோஸ்வில். ஃபோல்சமில் இன்டெல் வளாகம் இருப்பதால் வந்த கூட்டம் அது. பள்ளிகள் சிறப்பு. ஆனால் இவை நீரிணையிலிருந்து தூரம், சியரா மலையடிவாரத்தை நோக்கி. கடற்காற்று அங்கே போய்ச் சேர நேரமாகும், வலுவும் குறைந்துவிடும். டேவிஸும் எல்க் குரோவும் டெல்டாவுக்கு அருகில் இருப்பதால் அதை முதலில் வாங்கிக்கொள்கின்றன. கலிபோர்னியா நீர்வளத் துறை விவசாயிகளுக்காக 1982 முதல் நடத்திவரும் சிமிஸ் என்ற வானிலை நிலையங்கள் மணிவாரியாக வெப்பம், காற்று, பனிப்புள்ளி தருகின்றன. டேவிஸிலும் ஃபோல்சம் பக்கமுள்ள ஃபேர் ஓக்ஸிலும் உள்ள நிலையங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் கடற்காற்று நுழையும் நேரம் தெரியும். வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பதற்காக வைத்த கருவி, வீடு தேடுபவருக்கு இவ்வளவு உதவும் என்பது பலருக்குத் தெரியாது.

மின்கட்டணமோ இந்தக் கோடுகளைப் பின்பற்றவில்லை. சாக்ரமெண்டோ, ஃபோல்சம், எல்க் குரோவ் மூன்றுக்கும் ஸ்மட் என்ற பொது மின் நிறுவனம். ரோஸ்விலுக்கு நகராட்சியின் சொந்த மின்சாரம். டேவிஸுக்கும் எல் டொராடோ ஹில்ஸுக்கும் பிஜி அண்ட் ஈ என்ற தனியார் நிறுவனம். அதன் கட்டணம் ஸ்மட்டைவிட வெகு அதிகம். கோடையில் ஏசி ஓடும் வீட்டில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

தீ, புகை, வெள்ளம், மூடுபனி

உலர்ந்த கோடைக்கு ஒரு விலை உண்டு, அது காட்டுத்தீ. 2018 நவம்பரில் பாரடைஸ் ஊரை அழித்து 85 உயிர்களைக் கொண்டுபோன கேம்ப் தீயின் புகை சாக்ரமெண்டோவை நாள்கணக்கில் மூடியது. 2021இல் கால்டார் தீ கிரிஸ்லி ஃபிளாட்ஸ் ஊரை எரித்தது. அது எல் டொராடோ ஹில்ஸ் இருக்கும் அதே மாவட்டம். மலையடிவாரத்தில் வீடு வாங்குபவருக்கு இது காப்பீட்டில் தெரிந்துவிடும். 2023 முதல் பெரிய நிறுவனங்கள் கலிபோர்னியாவில் புதிய வீட்டுப் பாலிசி தருவதை நிறுத்தின அல்லது குறைத்துக்கொண்டன. வேறு யாரும் தராவிட்டால் ஃபேர் பிளான் என்ற கடைசி வழி இருக்கிறது. குறைந்த பாதுகாப்பு, கூடிய தொகை. பள்ளத்தாக்குத் தரையில் தீ ஆபத்து மிகக் குறைவு. புகை மட்டும் எல்லோருக்கும் பொது.

ஆஸ்துமாக்காரருக்குப் புகை எவ்வளவு பெரிய விஷயம் என்பதால் இதில் நீண்ட நேரம் செலவிட்டோம். அம்மாவின் மருத்துவர் சொன்னது நியாயமாகப் பட்டது: நியூ ஜெர்சி வீட்டில் தூசிச் சிற்றுண்ணியும் பூஞ்சையும் வருடம் முழுக்க. சாக்ரமெண்டோவில் புகை சில வருடங்களில் சில வாரம், வருவதும் முன்கூட்டித் தெரியும். சிற்றுண்ணிகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர்வாழ்கின்றன. வீட்டுக்குள் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அவை பெருக முடியாது. புகைக்கு வீட்டு ஏசியில் மெர்வ் 13 தரக் காற்று வடிகட்டியும் படுக்கையறைக்கு ஒரு ஹெபா காற்றுச் சுத்திகரிப்புக் கருவியும் போதும் என்று முடிவானது.

வெள்ளத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விலையும் தோதாக இருந்த நட்டோமாஸ் பகுதி ஆற்றுக் கரைகளுக்குள் அடங்கிய தாழ்நிலம். கரைகள் போதாது என்று 2008 முதல் 2015 வரை அங்கே புது வீடு கட்டுவதே ஏறக்குறைய நின்றிருந்தது. எல்க் குரோவுக்குத் தெற்கே கொசும்னஸ் ஆறு ஓடுகிறது. 2022ஆம் ஆண்டின் கடைசி நாளில் அதன் கரை உடைந்து 99ஆம் நெடுஞ்சாலை மூழ்கியது, உயிரிழப்பும் நேர்ந்தது. அதனால் எல்க் குரோவுக்குள்ளேயே தெருவாரியாக வெள்ள வரைபடம் பார்த்து, ஆற்றிலிருந்து விலகிய பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

குளிர்காலத்தைப் பொறுத்தவரை பனியில் வழுக்கி விழும் பயம் போய்விட்டது. ஜனவரியில் பகல் 13, இரவு 4 டிகிரி. பனி பெய்து தரையில் படிவதே அபூர்வம். ஆனால் டூலி மூடுபனி என்று ஒன்று உண்டு. மழைக்குப் பின் காற்றில்லாத நாட்களில் பள்ளத்தாக்கை நிரப்பிக்கொண்டு மதியம் வரை, சில சமயம் நாள் முழுக்க, விலகாது. முன்புபோல் இப்போது அடிக்கடி வருவதில்லை. இருந்தாலும் இதை விவரம் தெரிந்தே ஏற்க வேண்டும் என்பதற்காக ஜூலையில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை குடும்பமாகப் போய்த் தங்கினார்கள். ஊர் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரலிலோ அக்டோபரிலோ போகிறார்கள். அந்த மாதங்களில் அமெரிக்காவில் மோசமான ஊர் என்று எதுவும் தென்படாது.

போன பிறகு

எல்க் குரோவின் மேற்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள். வாங்குவதற்கு முன் நான்கு பருவமும் இருந்து பார்ப்பது என்று முதலிலேயே தீர்மானித்திருந்தார்கள். இதில் எனக்கு முழு உடன்பாடு.

கோடையில் அவர்களுடைய நாள் இப்படிப் போகிறது. வெயில் ஏறும் முன் ஜன்னல்களை அடைத்துத் திரை போட்டுவிடுவார்கள். ஸ்மட் கட்டணம் வாரநாட்களில் மாலை 5 முதல் 8 வரை உச்சம் என்பதால், அதற்கு முன்பே ஏசி போட்டு வீட்டைக் குளிரவைத்து அந்த மூன்று மணி நேரம் தள்ளிவிடுவார்கள். எட்டரை, ஒன்பதுக்குக் கடற்காற்று வந்ததும் ஜன்னல் திறந்து, கூரைக்கடியில் பொருத்திய பெரிய விசிறியை ஓட்டுவார்கள். அது வீட்டுக் காற்றை மேலே இழுத்து வெளியேற்ற, குளிர்ந்த காற்று உள்ளே நிறையும். புகை நாட்களில் இதைச் செய்யக் கூடாது. விசிறி வீடு முழுக்கப் புகையைத்தான் இழுக்கும். அதனால் காற்றின் தரத்தைக் காட்டும் ஏர்நவ் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஜன்னலில் கைவைப்பார்கள். இந்த வேலை அப்பாவினுடையது.

கடற்காற்று வராத வாரங்களும் உண்டு. 2022 செப்டம்பர் 6ஆம் தேதி சாக்ரமெண்டோவில் 116 பாரன்ஹீட், கிட்டத்தட்ட 47 செல்சியஸ் பதிவானது. அந்த நகரத்தின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். அப்படிப்பட்ட நாட்களுக்கு நல்ல ஏசி இல்லாமல் முதியவர்களை வைத்துக்கொண்டு இங்கே வாழ நினைக்கக் கூடாது. ஆண்டில் 38 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இருபது சொச்சம் வரும்.

அம்மாவுக்கு இரவில் இன்ஹேலர் தேவைப்படுவது குறைந்திருக்கிறது. உலர்ந்த காற்று ஒரு காரணம். கார்ப்பெட்டும் ஈரமான அடித்தளமும் இல்லாத வீடு இன்னொரு காரணம். வசந்தத்தில் புல்லும் ஆலிவ் மரங்களும் விடும் மகரந்தம் அவருக்குப் புதிதாகத் தொல்லை தந்தது, அதற்கு மாத்திரை எடுக்கிறார். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வானிலையால் மூட்டுவலி தீரும் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் காலையில் நடக்கிறார், ஜனவரியிலும் ஆகஸ்டிலும். சர்க்கரைக்கு அதுவும் ஒரு மருந்து. ஜூலையில் மாடித் திண்ணையில் வடாம் காயவைத்தார்கள், சாயங்காலத்துக்குள் முறுகிவிட்டது. எடிசனில் வளர்த்த கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. கறிவேப்பிலை உட்பட எலுமிச்சைக் குடும்பச் செடிகளைக் கொண்டுவர கலிபோர்னியாவில் கடும் கட்டுப்பாடு. நோய் பரப்பும் பூச்சி அவற்றோடு வந்துவிடும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. உள்ளூர் நாற்றங்காலில் வாங்கிய செடி, உறைபனி எச்சரிக்கை வரும் ஓரிரு இரவுகளில் மட்டும் மூடி வைத்தால், வெளியிலேயே நிற்கிறது.

இப்போது வீடு வாங்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். விலை பேசும் முன்பே ஒவ்வொரு முகவரிக்கும் காப்பீட்டு மதிப்பீடு வாங்குகிறார் நண்பர்; வெள்ள வரைபடத்தையும் 2025இல் புதுப்பித்த தீ அபாய வரைபடத்தையும் பார்க்கிறார். அப்பாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று: படுக்கையறை ஜன்னல்கள் தென்மேற்கு பார்த்து இருக்க வேண்டும், டெல்டா காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. அந்த ஒரு நிபந்தனையால் இதுவரை இரண்டு வீடுகள் கழிந்துவிட்டன.